சாக மறுத்த பிரெஞ்சுக்காரன்

ஆயிரத்து இருநூற்று எண்பத்திரண்டாம் ஆண்டு முழுவதையும் ஒரே நாடகத்துக்குள் அடக்கிவிட வேண்டும் என்று பலேர்மோவில் எங்கள் பங்குச் சுவாமியார் ஒற்றைக்காலில் நின்றார். லேசுப்பட்ட ஆண்டா அது? சிசிலித் தீவைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டுகொண்டிருந்த காலம். உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், பலேர்மோவில் கோயில் வாசலில் வைத்து ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் ஒரு பெண்ணிடம் சேட்டை விட்டான். மாலைச் செப மணி அடித்தது, ஊரே கத்தி தூக்கியது. பிறகு மெசினாவில் கப்பல்கள் எரிந்தன, கோடை முடிவில் அரகோன் நாட்டு அரசன் வந்திறங்கினான்.

எல்லாம் சரி, பிரெஞ்சுக்காரனாக நடிக்கத்தான் ஒரு பலேர்மோக்காரனும் அகப்படவில்லை. அந்த வேடங்களைத் தமிழர் எங்கள் தலையில் கட்டினார்கள். மன்னாரில் பிறந்து, இந்த ஊரில் மாடிப்படி கழுவிக்கொண்டிருந்த நான், தகரத் தொப்பி போட்டுப் பிரெஞ்சுச் சிப்பாயானேன்.

ஒத்துக்கொண்டது அவளுக்காகத்தான். எங்கள் நாட்டுத் தீவுப்பகுதிப் பெண். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயதான சிஞ்ஞோரா அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வியாழன் பின்னேரங்களில் ரயிலில் வந்து நாடகத்துக்கு உடுப்புத் தைத்தாள். என்னைக் கட்டுவீரோ என்று கேட்டுவிட்டேன். அவளுடைய அண்ணன் லண்டனுக்கு வரச்சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கோ பலேர்மோவை விட மனமில்லை. என் வாயோ, லண்டன் போகிறேன், லண்டன் போகிறேன் என்று ஊரெல்லாம் அளந்த வாய்.

“இனி நான் இஞ்சைதான் இருப்பன்,” என்றேன்.

“உங்களை நம்பேலாது. நாடகம் முடியட்டும், சொல்லுறன்.”

ஒளிந்திருந்த பிரெஞ்சுக்காரரைப் பிடிக்க, கொண்டைக்கடலையைக் காட்டிப் பெயர் கேட்டார்களாம். சிசிலிக்காரன் ‘ச்சிச்சிரி’ என்பான். பிரெஞ்சு நாக்கில் அது ‘ஸிஸிரி’ என்று வழுக்கும், தலை போகும். இதுதான் என் கட்டம். நான் வசனத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்: சிசிரி. ஒத்திகையில் நம்மவர் வழக்கப்படி அதை வாசிக்க, சாட்சாத் ‘ஸிஸிரி’யே வந்தது. சரியாகச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அசல் பிரெஞ்சுக்காரன் என்று சுவாமியார் கை தட்டினார்.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “இவ்வளவு காலம் இருந்தும் ஒரு கடலைக்குப் பேர் சொல்லத் தெரியேல்லை. நீங்கள் லண்டனுக்கே போங்கோ.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சந்தையில் வாரம் தவறாமல் கடலை வாங்குகிறவன் நான். விரலால் காட்டித்தான் வாங்கினேன் என்பது வேறு கதை. அதன்பிறகு படி கழுவும்போதெல்லாம் ‘ச்சிச்சிரி, ச்சிச்சிரி’தான். மேல்வீட்டுக்காரி எனக்குத் தும்மல் வியாதி என்று நினைத்தாள்.

நாடகத்தன்று அவள் முன்வரிசையில் இருந்தாள். சிசிலிக்காரன் வேடம் போட்ட ஸ்ஃபெர்ராகவால்லோ ஊர் மீன்காரர் மரவாளோடு வந்து கடலையை நீட்டினார். பிழையாகச் சொல்லிவிட்டு விழ வேண்டியதுதான் என் வேலை. அவளைப் பார்த்தேன். வீம்பு தலைக்கேறிவிட்டது.

“ச்சிச்சிரி,” என்றேன்.

மீன்காரர் முழித்தார். பிழையாகச் சொல்லடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சினார். இன்னும் சத்தமாக, இன்னும் திருத்தமாகச் சொன்னேன். சபை எழும்பிவிட்டது. இவன் நம்முடைய ஆள், விடு அவனை என்று கத்தினார்கள். மனுசன் வாளை எறிந்துவிட்டு என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். மற்றப் பிரெஞ்சுக்காரர் எல்லாரும் ஒழுங்காகச் செத்தார்கள். போக்கிடமில்லாத நான் சிசிலிக்காரரோடு சேர்ந்து மெசினாவில் கப்பல் கொளுத்தினேன், அரகோன் அரசனைக் கைகொடுத்து இறக்கினேன்.

திரைக்குப் பின்னால் அவள் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“பேசாமல் செத்திருக்கலாம்தானே. எல்லாரும் செத்தவை.”

“அவங்கள் லண்டன் போறவங்கள். இஞ்சை இருக்கப்போற நான் என்னத்துக்குச் சாக?”

அவள் என் தகரத் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். “சரி. அண்ணைக்கு ரெலிபோன் எடுக்கிறன்.”

“என்னெண்டு?”

“நான் வரேல்லை எண்டு.”

அந்த நேரம் பார்த்து, முகம் சிவக்கச் சுவாமியார் என்னைத் திட்ட வந்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்து, கலியாணத்துக்கு நாள் கேட்டேன்.