நாங்கள் பூஜ்ஜியம் போடுவதில்லை

1. ஊறுகாய் வந்த நாள்

மலேசியாவின் ஜொகூரில், கெலாங் பாத்தா பக்கம், ஒரு தனியார் லேபில் கெமிஸ்டாக இருபத்தெட்டு வருடம் இருந்தேன். உணவிலும் தண்ணீரிலும் ஈயம், பாதரசம் இருக்கிறதா என்று மெஷினில் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம்: ரிப்போர்ட்டில் பூஜ்ஜியம் போடக் கூடாது. ஒரு கிலோவில் 0.02 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எங்கள் மெஷினுக்குப் பார்வை போதாது. ஒன்றும் தென்படாவிட்டால் '<0.02' என்று போட வேண்டும். 'இருந்தால்கூட இதைவிடக் குறைவு, எங்களுக்குத் தெரியவில்லை' என்று அர்த்தம். இந்த அடக்கத்தில் எங்களுக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஓய்வுபெறுவதற்கு மூன்று வருடம் முன்பு பரமேஸ்வரி என்ற பெண் சாஆ என்ற சிற்றூரிலிருந்து மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். ஊறுகாய் போட்டே பிழைப்பது என்று சிங்கப்பூர் ஃபேக்டரி வேலையை விட்டவள். ஒரு சூப்பர்மார்க்கெட், தன் அலமாரியில் இடம் தருவதாகச் சொல்லி, லேப் ரிப்போர்ட் கேட்டிருந்தது. ஓட்டிப் பார்த்தேன். ஈயம் <0.02. அருமையான ஊறுகாய்.

"ஓகே தானே சார்?" என்றாள்.

"எல்லாம் பேப்பர்ல இருக்கும்மா" என்றேன். அதை ஒரு அறிவாளியின் பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

2. வெள்ளைக் கோட்டு விஞ்ஞானி

அவள் பெருமையாக ரிப்போர்ட்டைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டாள். அது ஒரு விஞ்ஞானியின் கண்ணில் பட்டது. விஞ்ஞானி என்றால், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வீடியோவில் பேசுகிறவர். 'குவாண்டம் தண்ணீர்' விற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு அணு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைவிட அத்தாட்சி யாருக்கு வேண்டும்?

0.02ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "ஈயம் இருக்குன்னு லேபே எழுதிக் குடுத்துருச்சு. நீங்க சாப்பிடறது ஊறுகாயா, கார் பேட்டரியா?" என்று கேட்டார். முன்னால் இருந்த '<' குறியை ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டார். மூன்றே நாளில் எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வீடியோ போய்ச் சேர்ந்தது. ஒரு செய்தித் தளம் 'ஊறுகாயில் ஈயம்: மக்கள் பீதி' என்று போட்டது. அதைப் படித்த பிறகுதான் மக்கள் பீதி அடைந்தார்கள். என் மச்சினி எனக்கே அனுப்பி, 'மாமா, ஜாக்கிரதை' என்றாள். ரிப்போர்ட்டின் அடியில் இருந்தது என் கையெழுத்து.

நானும் வீடியோவுக்குக் கீழே, மெஷினின் அளவீட்டு எல்லை பற்றி நாலு பத்தி எழுதினேன். 'ஊறுகாய்க்காரி எவ்ளோ குடுத்தா?' என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரிக்கும் முகம் போட்டார்கள்.

3. வெள்ளிக்கிழமைக்குள்

பரமேஸ்வரி புதன்கிழமை லேபுக்கு வந்தாள்.

"சார், ஒரே ஒரு ஜீரோ போட்டுக் குடுங்க லா. வெள்ளிக்கிழமைக்குள்ள நல்ல பேப்பர் வரலன்னா, எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு கடை மேனேஜர் சொல்லிட்டாரு."

"ஜீரோன்னு எந்த லேபும் போட முடியாதும்மா."

"அப்ப ஈயம் இருக்கா?"

"இருக்குன்னு சொல்லல."

"இல்லையா?"

"இல்லன்னும் சொல்ல முடியாது."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சார், இந்த ஊறுகாய நீங்க சாப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

"தாராளமா சாப்பிடுவேன். சட்டம் விட்டிருக்கிற அளவுக்குப் பக்கத்துலகூட இது வரல."

"இத ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

வெட்கமாக இருந்தது. அவள் கேட்டது பொய்ச் சான்று இல்லை, சாதாரண மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம். அன்றே உட்கார்ந்து மலாயிலும் தமிழிலும் எழுதினேன்: 'இந்த ஊறுகாயில் ஈயம் எதுவும் கண்டறியப்படவில்லை. 0.02 என்பது எங்கள் மெஷினின் எல்லை, ஊறுகாயில் இருக்கும் ஈயத்தின் அளவு அல்ல.' லேபின் முத்திரை வாங்கி, வெள்ளிக்கிழமை காலையில் நானே கடைக்குக் கொண்டுபோனேன்.

மேனேஜர் தமிழர்தான். நிதானமாகப் படித்தார்.

"பேப்பர் நல்லாத்தான் இருக்கு சார். மொதல்லயே இப்படி எழுதியிருந்தா பிரச்சினையே இல்ல. இப்ப கஸ்டமர் பயந்துட்டாங்க. நான் என்ன, ஒவ்வொருத்தருக்கும் பேப்பர படிச்சா காட்ட முடியும்?"

அலமாரியைப் பார்த்தேன். அவளுக்குச் சொன்ன இடத்தில் வேறொரு ஊறுகாய் வரிசையாக நின்றது.

"இதுக்கு லேப் ரிப்போர்ட் இருக்கா?"

"அப்புறம் தரேன்னாங்க."

ரிப்போர்ட்டே இல்லாததால் அதில் ஈயம் என்று எந்த விஞ்ஞானியும் வட்டம் போட முடியவில்லை. ஜனங்கள் நிம்மதியாக வாங்கிப் போனார்கள்.

பரமேஸ்வரி மறுபடியும் சிங்கப்பூர் ஃபேக்டரிக்கே போனாள். இப்போது தீபாவளிக்கு மட்டும் ஊறுகாய் போடுகிறாள். எனக்கும் ஒரு பாட்டில் வரும், காசு வாங்க மாட்டாள். அதுதான் உறுத்துகிறது.

லேபுக்கு வரும் பிள்ளைகளே, பூஜ்ஜியம் போடாதீர்கள். அது சரிதான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ரிப்போர்ட் வாங்க வந்தவரிடம் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் எழுதிய அந்த மாதிரி இரண்டு வரி இன்றைக்கு எங்கள் லேபில் ஒன்றும் தென்படாத எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சாகிறது. எழுத எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. பரமேஸ்வரியின் ரிப்போர்ட்டில் மட்டும் அது இல்லை.