மூடியில் தெரியாத வெள்ளை

என் கணவருக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில். பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "இன்னொரு கோட்டு வீடு எது?" என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சுவர் பளிச்சென்று இருக்கும். வேலை கொடுத்தவர் போதும் போதும் என்பார். இவர் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்து, "இன்னொரு கோட்டு குடுத்துட்டா நல்லாருக்கும்" என்பார். அந்த இன்னொரு கோட்டுக்குக் கூலி யார் தருவார்கள்? ஒருவரும் தரமாட்டார்கள். நானும் கத்திப் பார்த்துவிட்டேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

நாங்கள் சந்தித்ததே ஒரு பெயின்ட் கூத்துதான். நான் அப்போது ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் கவுண்டரில் கணக்கு உதைத்தது. யாருக்கோ குறைத்துப் போட்டிருக்கிறேன். யாருக்கு என்று இன்றுவரை தெரியாது. முதலாளி எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசி வெளியே போகச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டே மாடிப்படியில் இறங்கினேன். படி முழுக்க ஈரப் பெயின்ட். மேலிருந்து கீழ்வரை என் செருப்புத் தடம் அச்சு அச்சாக விழுந்துவிட்டது. கடைசிப் படியில் குந்தியிருந்த பெயின்டர் நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "பாத்துப் போம்மா, வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர்தான் இந்த மனிதர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. டாக்டருக்கு வெள்ளை வேண்டும். ஆனால் வெறும் வெள்ளை ஆகாது. செயற்கைப் பல் வைக்கும்போது நிறம் பார்க்கிற அட்டையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்து, வெள்ளையிலேயே ஒரு வெள்ளையைப் பிடித்தார். எனக்குக் காட்டினால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். கடையில் அதைத் தனியாகக் கலந்துதான் தரவேண்டும். கலப்பதற்கு என்று உள்ள பெயின்ட் உசத்தி ரகம். கம்பெனியிலிருந்து அப்படியே வரும் சாதா வெள்ளையைப் போல இரண்டு மடங்கு விலை. வாளி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இவர் காலையில் போய் வாளிகளை எடுத்து வந்தார். பணத்தை டாக்டரே போன் வழியாகக் கடைக்கு அனுப்பிவிட்டார். பில்லை இவர் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கையில் ஒரு வாளி மூடி. காலி வாளி கொண்டுவருவார், தண்ணீர் பிடிக்க உதவும். மூடி எதற்கு? கேட்டேன். உட்கார்ந்தார், எழுந்தார். ஜன்னல் கம்பியில் உரிந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். குழாயைத் திறந்தார், கை கழுவாமலே மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மூடியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

"என்னங்க இது, குட்டி போட்ட பூனை மாதிரி? ஒரு இடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது!"

"பில்லைக் குறைச்சுப் போட்டுட்டாங்க" என்றார்.

மதியம் டாக்டர்தான் முதலில் சொன்னாராம். "பரவாயில்லையே, நீங்க சொன்னதுல பாதிதான் ஆச்சு. பேசிக் குறைச்சீங்களா?" இவருக்குப் பகீரென்றது. பில்லை எடுத்துப் பார்த்தால் சாதா வெள்ளை விலை. டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். "அது அவங்க தப்பு, அவங்க பாத்துக்கட்டும். நீங்க சுவத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் யாருடைய வாயையோ பார்க்கப் போய்விட்டார்.

"அப்புறம் என்ன? டாக்டருக்கே அக்கறை இல்ல, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நாம குடுத்துடலாமா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொகை. ஏணி வாங்க வைத்திருந்தது. இவருடைய ஏணியில் நடுப்படி ஆடுகிறது. கயிறு சுற்றிக் கட்டி ஓட்டுகிறார். காலையில் இவர் கிளம்பினால் திரும்பி வரும்வரை என் உயிர் என் கையில் இல்லை. வீட்டுச் செலவில் பிடித்துப் பிடித்து நான் சேர்த்த பணம் அது.

"ஏணிக் காசா? அந்தப் பேச்சையே எடுக்காதீங்க! டாக்டர் சுவத்துக்கு நீங்க தண்டம் கட்டணுமா? பெரிய வள்ளல் பரம்பரை! விழுந்து இடுப்பு ஒடிஞ்சா அந்தக் கடைக்காரனா வந்து கஞ்சி ஊத்துவான்?"

அவர் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்குக் காலையில கடையில சரக்கு எண்ணுறாங்க. குறைஞ்சா பில் போட்டவங்க தலையிலதான் விடியும்."

"பில் போட்டது யாரு?"

"புதுசா ஒரு பொண்ணு. வந்து ஒரு மாசம்கூட ஆகல. பயந்து பயந்துதான் பட்டனையே தட்டுது."

எழுந்து போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து பணத்தை எடுத்தேன். எடுத்த பிறகு கோபம் இரண்டு மடங்கானது.

"மதியமே தெரிஞ்சும் இவ்வளவு நேரம் ஜன்னலைச் சுரண்டிட்டு இருந்தீங்களா? கடை சாத்திட்டா என்ன பண்றது? கிளம்புங்க!"

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே தவிப்பு. ஒவ்வொரு சிக்னலும் எங்களைப் பார்த்தே சிவப்பாகியது. போங்க, போங்க என்று அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன். நடுவில் ஒருமுறை, கடை பூட்டியிருந்தால் பணம் மிச்சம் என்றும் தோன்றியது. தோன்றியதைத் தோன்றியது என்றுதானே சொல்லவேண்டும்.

கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். கவுண்டரில் அந்தப் பெண் பில் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மெதுவா பேசுங்க. முதலாளி உள்ளதான் இருக்கார். பழைய பில்லை கேன்சல் பண்ணணும்னா அவர்தான் பண்ணணும். என் வேலை போச்சு."

அவள் சொல்லி முடிப்பதற்குள் முதலாளியே வந்துவிட்டார். "என்ன கேன்சல்? எதுக்கு கேன்சல்?"

இவர் முன்னால் போய் அந்த மூடியைக் கவுண்டரில் வைத்தார். கடையில் ஒரு வழக்கம் உண்டு. கலந்து முடித்ததும் மெஷின்காரர் அந்தப் பெயின்ட்டில் விரலைத் தோய்த்து மூடியில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் கலந்த பெயின்ட். இல்லாவிட்டால் சாதா வெள்ளை. அதைப் பார்த்துத்தான் பில் போடுவார்கள்.

"இதுல பொட்டு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றார் இவர்.

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். விளக்குக்கு அடியில் கொண்டுபோனார். "பொட்டே இல்லியே?"

"இருக்கு. தடவிப் பாருங்க." முதலாளியின் விரலைப் பிடித்தே அந்த இடத்தில் வைத்தார். வெள்ளை மூடியில் வெள்ளைப் பொட்டு, கைக்குத்தான் தட்டுப்பட்டது. "உங்களுக்கே தெரியல. இந்தப் பொண்ணுக்கு எப்படிங்க தெரியும்?"

முதலாளி இன்னொரு தடவை மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "யோவ், இனிமே பொட்டு மட்டும் வைக்காதே, மூடியில நம்பரையும் எழுது!" என்று மெஷின்காரரைப் பார்த்துச் சத்தம் போட்டார். பழைய பில் போனது, புது பில் வந்தது, ஏணிக் காசு கல்லாவுக்குள் போனது. அந்தப் பெண் மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணி என் கையில் வைத்தாள். "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

மறுநாள் நானும் கிளினிக்குக்குப் போனேன். சமைக்கவில்லை, துவைக்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் வந்து பார்த்தார்.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க?"

"ஏணி ஆடுது டாக்டர். புதுசு வாங்க வச்சிருந்த காசைத்தான் உங்க சுவத்துல அடிச்சாச்சு."

டாக்டர் சுவரைப் பார்த்தார், ஏணிக் கயிற்றைப் பார்த்தார், உள்ளே போனார். இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. பார்ப்போம்.

இவர் மேலே நின்று அடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், திடீரென்று பேசினார்.

"அன்னைக்கு நீ படியில அழுதுட்டே இறங்கிப் போனே இல்ல. உன் தடத்தை அழிச்சுட்டே மேல போய் என்னன்னு விசாரிச்சேன். சொன்னாங்க. பெயின்ட் காயுற வரைக்கும் அந்தப் படிக்குக் கீழயே உக்காந்து வாசலைப் பாத்துட்டிருந்தேன். குறைச்ச பில்லோட போனவங்க திரும்பி வருவாங்கன்னு." பிரஷ்ஷைத் தோய்த்தார். "ஒருத்தரும் வரல."

எத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். இந்த மனிதர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்காக யாரோ வருவார்கள் என்று, என் பெயர்கூடத் தெரியாமல், ஒருவர் காத்திருந்திருக்கிறார்.

"ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீ அழுவே."

"அழுதா அழுறேன். ஏணியை விட்டாதானே தப்பு?" மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டேன். "கீழ பாக்காதீங்க. அடிங்க. அந்த மூலையில இன்னொரு கோட்டு குடுங்க."