கரையை விட்டுக் கிளம்பாத கப்பலுக்கு எட்டு மதிப்பெண்

முடிக்காத கேம்களைச் செய்பவர்களைப் போல நிம்மதியான ஆட்களை நான் பார்த்ததில்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மாலை வேளைகளில் ஒரு வலைப்பூ நடத்திவந்தேன். கல்லூரியில் படிப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஆசைக்குத் தாங்களே செய்த வீடியோ கேம்களை எனக்கு அனுப்புவார்கள். நான் விளையாடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விமர்சனம் எழுதுவேன். வந்தவற்றில் முக்கால்வாசி பாதியில் நிற்பவை. பெயர் பளபளவென்று சுழலும். செய்தவருடைய பெயர் நான்கு இடத்தில் இருக்கும். 'விளையாடு' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு ஆள் மைதானத்தில் நிற்பான். நடப்பான், சுவரில் முட்டுவான், திரும்பி நடப்பான். அதற்கு மேல் அவனுக்கு வேலை கிடையாது.

குறை சொல்லத்தான் முடியுமா? சத்தமே இல்லையே என்றால், அடுத்த பதிப்பில் வருகிறது என்பார்கள். எதிரி ஒருவனும் இல்லையே என்றால், அவனும் வந்துகொண்டிருக்கிறான். எந்தக் கேள்விக்கும் பதிலை அடுத்த வருடத்தில் வைத்திருப்பவரை என்ன செய்ய முடியும்? நானும் பூசி மெழுகி எழுதிவிடுவேன். 'நல்ல தொடக்கம்', 'பெரிய கனவு', 'காத்திருக்கிறோம்'. இந்த மூன்று தொடரை வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

எப்போதாவது ஒருவர் முழுதாக முடித்த கேமை அனுப்பிவிடுவார். பாவம், அவர் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். முதல் நிலை முதல் கடைசி நிலை வரை நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு உட்காருவேன். மூன்றாம் நிலையில் கதவு திறக்கவில்லை, ஏழாம் நிலையில் பாட்டு நின்றுபோகிறது என்று ஒன்று விடாமல் எழுதி, கடைசியில் ஐந்தோ நாலரையோ போட்டு அனுப்பிவைப்பேன். கறாரான விமர்சகர் என்று எனக்குப் பெயர் கிடைத்ததே இவர்களைக் குத்திக் கிழித்துத்தான்.

என்னுடைய யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நானே ஆரம்பித்து, பாதியில் போட்டுவிட்ட கேம்கள் மூன்று இருந்தன. பாதியில் விட்ட இன்னொருவரைத் திட்டக் கை வராததற்குக் காரணம் இரக்கம் என்றுதான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் எங்கள் கல்லூரித் தொழில்நுட்ப விழாவில் கேம் போட்டி வைத்தார்கள். டெல்டா மாவட்டங்களில் உள்ள எந்தக் கல்லூரியிலிருந்தும் கலந்துகொள்ளலாம். கேம் தயாரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்று, முதல் இடம் பெறுகிறவரை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பயிற்சி முடிந்தால் பெரும்பாலும் அங்கேயே வேலை. வலைப்பூ எழுதிய பாவத்துக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஒரே நடுவர் நான்தான். நகல் எதுவும் வாங்கவில்லை, அவரவர் கொண்டுவந்த லேப்டாப்பிலேயே விளையாடிப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்ததில் கடைசியாக இரண்டு மிஞ்சின.

ஒன்று, எங்கள் கல்லூரியிலேயே இறுதியாண்டு படித்த ஒரு தம்பியுடையது. ராஜா காலத்துக் கப்பல் படை நாகப்பட்டினத்திலிருந்து கடல் கடந்து போகிற கதை. அலை ஒவ்வொன்றும் மினுங்கும். பாய்மரம் காற்றில் உப்பும். பின்னணியில் உடுக்கும் சங்குமாக ஒரு பாட்டு. வரைபடத்தைத் திறந்தால் ஐம்பது தீவுகள், எதைத் தொட்டாலும் 'விரைவில்' என்று வரும். கப்பலில் ஏறலாம், கொடியை ஏற்றலாம், மேல்தட்டில் நடக்கலாம். கப்பல் மட்டும் கிளம்பாது. அவருடைய அப்பா ஆளுங்கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர். மகன் இறுதிச் சுற்றுக்கு வந்ததற்கே பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். தலைவர் படம் மேலே, அப்பா படம் நடுவில், கப்பல் கீழே. அந்தக் கேமில் முழுதாக முடிக்கப்பட்டது அந்த ஃபிளெக்ஸ் ஒன்றுதான்.

இன்னொன்று, சீர்காழிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி செய்தது. அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலிகள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில், மூடியில் முதல்வர் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த லேப்டாப்பில், இரண்டு வருடம் உட்கார்ந்து செய்திருந்தாள். விளையாடுகிறவர் ஒரு லஸ்கர். மதகுகளைத் திறந்து மூடப் பொதுப்பணித் துறை வைத்திருக்கும் ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலம். ஆற்றுத் தலைப்பிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீரைக் கடைமடை வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே உள்ளவர்கள் குறுக்கே வரப்பு போட்டு மறிப்பார்கள். சமாதானம் பேச வேண்டும், சில சமயம் மண்வெட்டியோடு வருவார்கள், ஓட வேண்டும். ஆறாம் நாளுக்குள் தண்ணீர் போய்ச் சேராவிட்டால் நாற்று காய்ந்துவிடும்.

படம் அழகாக இருக்காது. மாடு தண்ணீரின் மேல் நடக்கும். லஸ்கர் சில வீடுகளின் சுவருக்குள் புகுந்து வெளியே வருவார். நாதஸ்வரம் போல ஒரே இசைத் துண்டு கடைசிவரை திரும்பத் திரும்ப வரும். ஆனால் தொடங்கி, நடந்து, முடிந்தது. கடைசி மதகைத் திறந்தால் தண்ணீர் நெளிந்து நெளிந்து போய், வெடித்துக் கிடந்த ஒரு சின்ன வயலில் ஏறும்.

இறுதிச் சுற்று நடந்த அன்று, வயல் வழியாக எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்து வழியில் இரண்டு இடத்தில் சாலை மறியல். அவள் வந்த பேருந்தை நிறுத்திவிட்டார்கள். லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தே வந்தாள். ஒன்றியப் பொறுப்பாளரின் கொடி கட்டிய காருக்கு மறியல் நடக்கிற பாதை முன்கூட்டியே தெரியும் போலிருக்கிறது, அது சுற்றுவழியில் நேரத்துக்கு வந்து நின்றிருந்தது. இந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று பேச்சுவாக்கில் அவளைக் கேட்டேன். சீர்காழியில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஆள் கேட்டிருக்கிறார்கள், ஜூன் முதல் தேதி அங்கே போய்விடுவேன் என்றாள்.

இவ்வளவும் தெரிந்துதான் தீர்ப்பு எழுதினேன். லஸ்கர் கேமுக்கு இருபத்துமூன்று குறைகள், பத்துக்கு ஐந்து. கப்பலுக்கு எட்டு. 'இந்தக் கப்பல் கிளம்பும் நாளில் உலகம் திரும்பிப் பார்க்கும்' என்று அதன் கீழே எழுதினேன். அந்த வாக்கியத்தை மேடையில் வாசித்தபோது ஒன்றியப் பொறுப்பாளர் எழுந்து நின்று கை தட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தால் காது கூசுகிறது.

விழா முடிந்து ஆய்வகத்தைப் பூட்டும்போது அவள் வாசலில் நின்றாள். அழவில்லை. குறைப் பட்டியலின் நகல் வேண்டும் என்றாள், கொடுத்தேன். நின்றபடியே இருபத்துமூன்றையும் படித்தாள்.

"எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க மேடம். அந்தக் கப்பல்ல எத்தனை தப்பு இருந்துச்சு?"

அதில் தப்பு அதிகம் இல்லை, இருப்பதே கொஞ்சம்தானே என்றேன். சொல்லும்போதே என் பதில் எனக்கே இளித்தது.

"அவங்களுக்கு நின்ன பயிரைப் பாத்து மதிப்பு போட்டுட்டீங்க. எனக்கு மட்டும் களத்துல உக்காந்து பதர் பொறுக்கியிருக்கீங்க" என்றாள். குரல் உயரவில்லை. சீர்காழிக்குக் கடைசிப் பேருந்து போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் துடைத்துப் போட்டிருப்பேன். என் அப்பா கோயில் நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்தவர். கதிர் முற்றும்போது கோயில் நிர்வாகத்து ஆள் வந்து வரப்பில் நின்றபடியே பயிரைப் பார்த்து, மாவுக்கு இத்தனை கலம் நெல் விளையும் என்று மதிப்பு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கணக்கில்தான் குத்தகை அளக்க வேண்டும். செருப்பில் சேறுகூடப் படாது. நிற்கிற பயிர் யாருடைய கண்ணுக்கும் நன்றாகத்தான் இருக்கும். அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் அளந்தால் கிடைப்பதுதான் கண்டுமுதல். அது மதிப்பை எட்டியதாக என் நினைவில் இல்லை. அளந்த நெல்லைப் பாருங்கள் என்று அப்பா வருடா வருடம் சண்டை போட்டார். தஞ்சாவூர் வருவாய் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தார். உழுகிறவனுக்கே உரிமை என்று மேடையில் முழங்கியவர்கள் மாறி மாறி ஆட்சிக்கு வந்தார்கள். சட்டமும் போட்டார்கள். எங்கள் வழக்கு மட்டும் வாய்தாவிலேயே கிடந்தது. வரப்பில் நின்று மதிப்பு போடுகிறவனைத் திட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு தை மாதம் போனதில்லை. அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு, நான் செய்திருந்தது அச்சு அசல் அதே வேலை.

மறுநாள் முதல்வரிடம் போய்த் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்றேன். கல்லூரி முதல்வர்தான், நாட்டு முதல்வர் இல்லை. ஆனால் அவரும் நாற்காலியைப் பற்றியே யோசிப்பவர். சான்றிதழ் அச்சாகிவிட்டது, பத்திரிகையில் படம் வந்துவிட்டது, பையனின் அப்பா யார் என்று தெரியுமல்லவா என்றார். தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்தேன். வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை, அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. வலைப்பூவில் மட்டும் ஒரு பதிவு போட்டேன். இனிமேல் எந்தக் கேமாக இருந்தாலும் என் கையில் இருப்பதற்குத்தான் மதிப்பெண், வரப்போவதற்கு ஒன்றும் கிடையாது. பாதி கேமைப் பாதி என்றே எழுதுவேன். முடித்த கேமில் குறை சொல்லும்போது, முடித்தவரால்தான் அந்த இடம்வரை நான் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுவேன். லஸ்கர் கேமுக்கு நான் போட்டது தவறான மதிப்பெண் என்றும் எழுதினேன். முடிக்காத கூட்டம் கொதித்துவிட்டது. கனவுகளைக் கொல்கிறேனாம். கொல்வதற்கு ஒரு உடம்பாவது கொண்டுவாருங்கள் என்று பதில் போட்டேன். அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் சென்னைக் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கப்பல்காரத் தம்பி மூன்றாம் மாதமே திரும்பிப் போய்விட்டாராம். சின்னதாக ஏதாவது ஒன்றை முடித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள், அதற்கு அவர் ஐந்து புதிய தீவுகளை வரைந்து காட்டியிருக்கிறார். (இப்போது கேம் செய்வது எப்படி என்று யூடியூபில் வகுப்பு எடுக்கிறார். கேட்க ஆளும் இருக்கிறது.) அந்தப் போட்டியில் முழுக் கேம் செய்த வேறு யாராவது இருந்தார்களா, திங்கட்கிழமைக்குள் கேமை அனுப்பினால் பார்க்கிறோம் என்றார் அவர். இருக்கிறாள் சார், இன்றைக்கே அனுப்பச் சொல்கிறேன் என்று கத்தாத குறையாகச் சொன்னேன். பாவத்தைக் கழுவ இவ்வளவு சுலபமாக வழி கிடைத்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு.

பிரவுசிங் சென்டர் நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். பின்னால் யாரோ பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் நகல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்து நான் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"திங்கக்கெழமைக்குள்ள முடியாது மேடம். எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்கேன். சுவத்தைச் சரிபண்ணினா மதகு திறக்க மாட்டேங்குது. மதகைச் சரிபண்ணினா தண்ணி நின்னுபோவுது."

எதற்காகப் பிரித்தாய், இந்தச் சரிபார்ப்பெல்லாம் வேண்டாம், போட்டிக்குக் கொண்டுவந்தாயே, அதை அப்படியே அனுப்பும்மா, அது போதும் என்றேன்.

பக்கத்தில் யாருக்கோ பத்து ரூபாய் என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்கு வந்தாள்.

"அது இல்லைங்க மேடம். விழா அன்னிக்கு ராத்திரியே அந்த முழுக் காப்பியை அழிச்சுட்டேன். இருபத்துமூணு தப்பு இருக்கறதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு."