சகலையின் தறிக்கூடமும் என் காலடி மண்ணும்

வீட்டில் இருக்கும் தறிக்கூடத்தைத் தீ இன்ஷூரன்ஸ் செய்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்பதில்லை. ஓய்வு பெற்றவனிடம் ஊரார் கேட்பதெல்லாம் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்பதுதான். ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

பொருள்களின் பட்டியலை எழுதுகிறவன் அந்தப் பொருள்களின் மேல் பொறாமை உள்ளவனாக இருப்பது நல்லது. சொந்தக்காரன் பாதியை மறந்துவிடுவான், தினமும் பார்க்கிற பொருள் அவன் கண்ணில் படாது. வேண்டியவர்கள் எழுதினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மோர் குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். மூலையில் கிடக்கிற, தறியில் ஊடு நூல் ஓட்டும் உடைந்த நாடாவையும் எடுத்துத் திருப்பிப் பார்த்து எழுதுகிறவன் பொறாமைக்காரன்தான். என் சகலை வீட்டுப் பட்டியலை நான்தான் எழுதினேன்.

யுத்த காலம். மதுரையில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு தீ இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் போய், பருத்திக் கிட்டங்கிகளில் மூட்டைகளைப் பார்த்து எழுதி வருவது என் வேலை. ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுவதும் சம்பளத்தில் சேர்த்திதான். மாலையில் முகமெல்லாம் கரியோடு வீடு திரும்புவேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே தங்கை வீட்டுச் சமாசாரத்தைத் தொடங்குவாள்.

"தங்கச்சி வீட்ல இன்னொரு ஜக்கார்டு பெட்டி வந்து இறங்கிருக்காம். இவுக ஒரு வார்த்த சொல்லல பாருங்களேன்."

'இவுக' என்றால் என் சகலை, அவள் தங்கையின் கணவன். படிப்பு நாலாம் வகுப்பு. எங்கள் வீடுகளில் பேச்சு தெலுங்கு என்றாலும் சண்டையும் கணக்கும் பொறாமையும் தமிழில்தான் வரும். நான் தமிழில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் முன்னுக்கு வந்த கதையை இப்போதும் என்னால் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மதுரையில் ஒரு சாயக்கடைக்காரர் கடையைக் காலி செய்தார். என் சகலை கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்து ஜெர்மன் சாய டப்பாக்களை வண்டி நிறைய வாங்கி வந்தான். அத்தனை சாயத்தையும் வைத்துக்கொண்டு வைகை ஆற்றுக்கு வர்ணம் அடிக்கப்போகிறாயா என்று கேட்டேன், தெருவே சிரித்தது. பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மன் சாயம் வருவது நின்றது. ஒவ்வொரு டப்பாவும் நகைபோல ஆகிவிட்டது. தினமும் வாசகசாலையில் பேப்பர் படித்து, யுத்தம் வரும் வரும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பேப்பர் படிக்காதவன் டப்பா வாங்கினான்.

பக்கத்துத் தெருவில் ஓலைக்கொட்டகை ஒன்று எரிந்த மறுநாள் அவன் என்னிடம் வந்தான்.

"அண்ணே, நம்ம தறிக்கூடத்துக்கும் அந்த இன்சூரன்ஸப் போட்டுக் குடுங்க. சும்மா கொஞ்சமா போட்டா போதும். பாதி மதிப்புக்குப் போடுவமே."

பாதி மதிப்புக்குப் போட்டால், பாதிக்கூடம் எரிந்தாலும் அந்தப் பாதியில் பாதிதான் கிடைக்கும் என்று விளக்கினேன். முழுப் பொருளையும் எழுத வேண்டும், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, எப்போது வாங்கியது என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அந்த வீட்டுக்கு வெளியே வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்றேன். அத்தனையும் சரியான முறை. அவனிடம் மொத்தமாக என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிற அரிப்பும் எனக்கு இருந்தது. இரண்டும் ஒரே திசையில் இழுத்ததால் வேலை சுத்தமாக நடந்தது.

தறிக்கூடம் வீட்டை ஒட்டிய பனையோலைக் கொட்டகை. நான்கு குழித்தறிகள். இரண்டின் மேல் புடவையில் பூவேலை போடுகிற ஜக்கார்டு பெட்டி. குனிந்து தறிக்குழிக்குள்ளும் பார்த்தேன், பஞ்சுத் தூசி மெத்தைபோல் கிடந்தது. பாவு, நூல் சிப்பம், அச்சு, ராட்டை, சாயத்தொட்டி, டப்பாக்கள். ஒவ்வொன்றும் என் பேனாவைக் கடக்கும்போது நெஞ்சில் ஏதோ அடைத்தது. இடதுபக்கப் பெட்டியில் ஒரு கொக்கி இல்லை என்று கண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதையும் எழுதினேன்.

போட்டோ ஒன்றும் வேண்டும் என்றேன். அது என் தவறு. போட்டோக்காரர் வருகிறார் என்றதும் என் கொழுந்தியாள் தறிகளின் மேலெல்லாம் பட்டுப்புடவையை விரித்துவிட்டாள். சகலை ஜரிகை வேட்டியோடு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். பிள்ளைகள் முன்னால் வரிசையாக நின்றார்கள். வந்த படத்தில் இன்ஷூர் செய்யக்கூடிய பொருள் ஒன்றே ஒன்று தெரிந்தது: அவன் காதுக்குப் பின்னால் ஜக்கார்டு பெட்டியின் மூலை.

பட்டியலை முடித்துக்கொண்டு தெருமுனைவரை போனவன், குடையை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். வாசலில் கொழுந்தியாள் குனிந்து, நான் சற்றுமுன் நடந்துபோன இடத்தில் மண்ணை ஒரு சிட்டிகை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"கோலப்பொடி சிந்திருச்சு அத்தான்."

கோலப்பொடி கறுப்பாக இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கண் வைத்தவனின் காலடி மண்ணை எடுத்து, உப்போடும் வற்றல் மிளகாயோடும் சேர்த்துச் சுற்றி நெருப்பில் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? மிளகாய் கருகியும் நெடி வராவிட்டால் கண் கடுமையானது என்று அர்த்தம். மறுநாள் என் மனைவியிடம் தங்கை குசுகுசுவென்று சொன்னதும் என் காதில் விழுந்தது. "ஒரு இருமல்கூட வரலக்கா."

எனக்கு அதில் கோபத்தைவிட வேறொன்று அதிகமாக இருந்தது. என் உத்தியோகத்தில் அவ்வளவு சக்தியை அதுவரை யாரும் என்னிடம் கண்டதில்லை.

ஆண்டு முடிந்து பாலிசியைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. புதிதாக வந்தவற்றையும் சேர்த்து எழுதி, பிரீமியம் கட்ட வைத்தேன். மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன், மறுபடி அடைத்தது. அது ஒரு வெள்ளிக்கிழமை, கோடை, காற்று. அங்கிருந்து வந்து காபி கிளப்பில் உட்கார்ந்திருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. ஓடினேன். ஓலை பிடித்துக்கொண்டு கொட்டகை முழுதும் எரிந்தது. கிணறுகள் வற்றிக் குடிதண்ணீருக்கே வரிசை நிற்கிற மாதம். அண்டை வீட்டார் பாவுக்குப் போட வைத்திருந்த கஞ்சியைப் பானை பானையாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள், சாயத்தண்ணீரை ஊற்றினார்கள், மண்ணை வாரி இறைத்தார்கள். வீடு தப்பியது. தறிக்கூடம் தப்பவில்லை. சாய டப்பாக்கள் வெடித்து, சாம்பல் சிவப்பும் நீலமுமாகக் கஞ்சியில் ஊறிக் கிடந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சகலை வாசலில் உட்கார்ந்திருந்தான். தறியில் ஏறியிருந்த பாவு நூல் வியாபாரிகளுடையது, அதற்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். பணம் வராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர் தறியில் கூலிக்கு உட்கார வேண்டியவன். அதை அவன் முகமே சொன்னது. அந்த முகத்தை நான் வெகுநாள் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்த அளவுக்கு அது நன்றாக இல்லை.

மறுநாள் கிளெய்ம் படிவத்தோடு உட்கார்ந்தோம். 'தீ ஏற்பட்ட காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"வெளக்கு சாஞ்சிருச்சுன்னு எழுதுங்கண்ணே" என்றான் சகலை.

"விளக்கு சாய்ஞ்சுச்சா?"

சகலை கதவுப் பக்கம் பார்த்தான். கொழுந்தியாள் கதவுக்குப் பின்னாலிருந்து என் மனைவியிடம் சொல்ல, மனைவி என்னிடம் சொன்னாள். நான் போன பிறகு சட்டியில் கங்கெடுத்து, உப்பும் மிளகாயும் மண்ணும் போட்டு, ஒவ்வொரு தறியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். காற்றில் ஒரு கங்கு தறிக்குழிக்குள் விழுந்திருக்கிறது.

"யார் கண்ணுக்காகச் சுத்துனாளாம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததைத்தான் கேட்டேன்.

"ஊர்க்கண்ணு ஆயிரம் இருக்கும்" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

அப்போது என் கையில் இருந்தது பேனா மட்டுமல்ல, அவன் பிழைப்பும்தான். விளக்கு வீட்டுக்குள் மாடத்தில், கண்ணாடியில் கீறல்கூட இல்லாமல் இருந்தது, நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். விளக்கு சாய்ந்தது என்று அவன் சொன்னபடியே எழுதினால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைக் கால்மணி நேரத்தில் பொய் என்று கண்டுபிடிப்பார். பொய் எழுதிய கிளெய்முக்குத் தம்பிடி கிடையாது. நான் எதுவும் செய்ய வேண்டாம், அவன் சொன்னதைக் கேட்டால் போதும். என் சாப்பாட்டு நேரம் அதன்பின் அமைதியாக இருக்கும்.

இருக்காது. அவர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன். அதைவிட, தப்பாக நிரப்பிய படிவம் ஒன்று என் கையெழுத்தில் ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் காலமெல்லாம் இருக்கும் என்ற எண்ணம் எனக்குச் சகிக்கவில்லை.

"கவனக்குறைவுக்குப் பணம் உண்டு, பொய்க்குத்தான் கெடையாது. நடந்தத எழுதுறேன்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. "எல்லாத்தையுமா?" என்று கேட்டாள் கொழுந்தியாள்.

"எல்லாத்தையும்."

மதுரையிலிருந்து சர்வேயர் வந்தார். கரி பஸ்ஸில் வந்ததால் அவரே தீ விபத்தில் தப்பியவர்போல இருந்தார். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சாம்பலைக் குச்சியால் கிளறினார். அச்சின் கம்பிகள், ஆணிகள், டப்பா மூடிகள், பெட்டியின் இரும்பு. பட்டியலில் எழுதியிருந்ததோடு ஒவ்வொன்றும் பொருந்தியது. இடதுபக்கப் பெட்டியின் கொக்கிகளை எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. பட்டியலைப் பார்த்தார். குறைவதாக எழுதியிருந்தது.

"யாருங்க இத எழுதினது? வீட்டுக்காரர்கூட இவ்வளவு உன்னிப்பா பாத்திருக்க மாட்டாரே."

பதிலுக்குக் குடும்பப் படத்தையும் நீட்டினோம். சகலையின் காதோரம் தெரிந்த மூலையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது உதவும் என்று பையில் போட்டுக்கொண்டார். பிறகு காரணத்துக்கு வந்தார்.

"கண்ணேறு கழிக்கறப்ப கங்கு விழுந்ததா எழுதியிருக்கு. காலடி மண் எடுத்ததாவும் இருக்கு. யாரோடதுன்னு மட்டும் எழுதல. யார் காலடி மண்ணம்மா அது? விசாரிச்சேன்னு நான் எழுதணும்."

தெருவில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள், கஞ்சி கொடுத்தவர்கள் எல்லாரும். கொழுந்தியாள் தலையைக் குனிந்தாள். "தெருமண்ணுதான் சாமி" என்றாள். படிவத்தில் காலடி மண், வாயில் தெருமண் என்று பேச்சு மாறினால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் விசாரணை நீளும், பணம் நிற்கும். எனக்கு அந்த வரிசை மனப்பாடம்.

"என் காலடி மண்" என்றேன்.

சர்வேயர் என் காலைப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார்.

"நீங்கதான் இத எழுதினவரா?"

"ஆமாம்."

"அப்ப அந்தம்மா சந்தேகப்பட்டது சரிதான்" என்றார். "எனக்கு இந்த மாதிரிக் கண்ணு ஊருக்கு ஒண்ணு இருந்தா வேலை சுளுவா முடிஞ்சிரும்."

தெரு சிரித்தது. சாய டப்பாவுக்கு நான் சிரிக்க வைத்த அதே தெரு. சகலை மட்டும் சிரிக்கவில்லை, எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பணம் முழுதாக வந்தது. வியாபாரிகளின் பாவுக்கும் சேர்த்து வந்தது, ஏனென்றால் அதையும் நான்தான் தனியாகக் குறித்திருந்தேன். என் சகலை ஓலைக்குப் பதில் ஓடு வேய்ந்தான். தறிகள் புதுசு, பெட்டிகள் புதுசு, கொக்கிகள் எல்லாம் இருந்தன. எரிவதற்கு முன் இருந்ததைவிடக் கூடம் பார்க்க நன்றாக இருந்தது. நான் பொறாமைப்பட்டு எழுதிய பட்டியல் அவனை எனக்கு மேலும் ஒரு படி உயரத்தில் வைத்துவிட்டது. இந்த முறையில் உள்ள குறை அது ஒன்றுதான்.

"அண்ணே, புதுசா லிஸ்ட்டு போட எப்ப வாரீக?" என்று ஆள் அனுப்பினான்.

போனேன். ஓட்டிலிருந்து தரைவரை எழுதினேன், ஒவ்வொரு வரிக்கும் அதே அடைப்பு. முடித்து, புதிதாகச் சிமெண்ட் போட்ட வாசலுக்கு வந்தபோது கொழுந்தியாள் வாளியில் தண்ணீரும் கை நிறைய உப்பும் வைத்துக்கொண்டு நின்றாள். கூடத்துக்குள் கங்கு கொண்டுபோகக் கூடாது என்று நான் போட்ட நிபந்தனையை ஏற்று, உப்பையும் காலடி மண்ணையும் சுற்றித் தண்ணீரில் கரைப்பது என்று முடிவாகியிருந்தது.

"அத்தான், அந்தச் சிமெண்டுல நடந்து போயிராதீக" என்றாள், என் முகத்தைப் பார்த்தே. "இப்படி மண்ணுல எறங்கிப் போங்க."

படியிலிருந்து இறங்கினேன். திரும்பி அந்தப் புது ஓட்டை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு நன்றாகப் பதியட்டும் என்று, கரிசலில் வலதுகாலை ஊன்றிச் சற்று நேரம் நின்றேன்.