குணநாயகத்தின் ஐந்தாம் பாகம்

செய்தி வந்தபோது நான் லண்டன் நோர்பரியில் மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் இலவசப் பத்திரிகையை அச்சடித்துத் தருகிற ரவி கைத்தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணை, குணநாயகம் அண்ணை மோசம் போயிட்டாராம். காலமைதானாம்." செத்துவிட்டார் என்றதும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா, ஐந்தாம் பாகம் இனி வராது என்று நினைத்தேன். பிறகு மீனை வெட்டித் துப்புரவாக்கி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இப்போது அவரை நல்ல எழுத்தாளர் என்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. குணநாயகம் பிளேஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தார். புதிய நூற்றாண்டு பிறந்த கையோடு 'ஆறாம் இருக்கை' என்று ஒரு துப்பறியும் தொடர்நாவலைத் தொடங்கினார். விம்பிள்டனிலிருந்து புறப்படும் ட்ராமில் ஆறாம் இருக்கையில் ஓர் எழுத்தாளர் செத்துக் கிடக்கிறார். கொன்றது யார்? ஐந்து பாகங்கள் என்று முதல் அட்டையிலேயே போட்டுவிட்டார். பதிப்பகம் இல்லை, விநியோகம் செய்ய ஆள் இல்லை. எல்லாம் அவர்தான். பெற்றோல் அடிக்க வரும் தமிழருக்கு ரசீதோடு முதலாம் அத்தியாயத்தையும் மடித்துக் கொடுப்பார். கோயில் தேருக்கு வந்த சனத்திடம் கொடுத்தார். பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் பந்தியில் இருந்தவர்களுக்கும் கொடுத்தார். எந்தப் பாகத்தைக் கொடுத்தாலும் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஐசே, முடிவு வரைக்கும் வாசிச்சீரோ?"

"ஓம் அண்ணை" என்று நான் சொல்லுவேன். பத்துப் பக்கத்துக்கு மேல் நான் தாண்டியதே இல்லை. அந்தப் பத்துப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் என் பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தில் அவருடைய நாலு பாகங்களுக்கும் விமர்சனம் எழுதினேன்.

நம்முடைய வெளியீட்டு விழாக்கள் உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, ஆறு பேச்சு. பிறகு ஒலிவாங்கியில் பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் மேடைக்குப் போய்ச் சிறப்புப் பிரதி பெற்று, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். வாங்கிய புத்தகம் காரின் பின்சீற்றில் கிடந்து வெயிலில் வளையும். குணநாயகம் இதை நன்றாகப் பார்த்துவைத்திருந்தார். தன் முதல் விழாவில் சிறப்புப் பிரதி பெற்ற ஒவ்வொருவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதினார். இரண்டாம் பாகம் வந்தபோது அவர்கள் எல்லோரும் சொந்தப் பெயரோடு, சொந்தக் கடையோடு, சொந்தத் தொந்தியோடு கதைக்குள் இருந்தார்கள்.

"சனம் கதை வாசிக்காது ஐசே. தன்ர பேரை வாசிக்கும்" என்றார் என்னிடம். அது பலித்தது. பலசரக்குக் கடை செல்லத்துரை துணிச்சலான சாட்சியாக வந்தார். கனடாவிலுள்ள உறவுகளுக்கெல்லாம் பெட்டி பெட்டியாக அனுப்பினார். முதல் விழாவில் பிரதி வாங்காமல் நழுவிய ஒரு கணக்காளர், அதே இரண்டாம் பாகத்தில் மொட்டை விழுந்து, மனைவி கோபித்துக்கொண்டு போன நிலையில் அலைந்தார். அதற்குப் பிறகு வராமல் இருக்க யாருக்கும் துணிவில்லை. மூன்றாம் விழாவில் மண்டபத்தில் நிற்க இடமில்லை. அந்த நாட்களில் லண்டனில் தமிழ் நாவல் ஒன்றுக்கு ஆட்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். வயிறு எரிந்தது. என்னுடைய கவிதைத் தொகுதி கூரைக்குக் கீழே லொஃப்டில் பெட்டி உடைக்காமல் கிடந்தது.

இன்னொன்றும் எரிந்தது. கண்டவன் எல்லாம் அந்தக் கதைக்குள் நடமாட, என் பெயரை மட்டும் அவர் எழுதவே இல்லை. வெட்கத்தை விட்டு ஒரு நாள் கேட்டேன். "உம்மை இப்பவே செலவழிக்க விருப்பமில்லை. கடைசிக்கு வைச்சிருக்கிறன்" என்று சிரித்தார்.

அவர் செய்த பிழை ஒன்றுதான். மூன்றாம் பாகத்தில் செல்லத்துரையை ட்ராமுக்குள்ளேயே மாரடைப்பில் சாகடித்தார். கல்யாண வீடு என்று இரண்டாம் விழாவுக்கு வராமல் கனடா போனதற்குத் தண்டனை. புத்தகம் வந்து மாதம் திரும்பவில்லை. உண்மையான செல்லத்துரை கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் விழுந்து, மாரடைப்பிலேயே போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டில் ஆட்கள் குணநாயகத்துக்குப் பக்கத்துக் கதிரைகளில் இருக்கவில்லை. ஜாதகத்தைக் கணினியில் பார்க்கிற படித்த சனம் இது; பயப்படச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பயத்தை நான் சிரிப்பாக மாற்றினேன். அதுதான் என் பங்களிப்பு. அந்த மாத இலக்கியப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: "குணநாயகத்தின் அடுத்த பாகத்தில் இடம்பெற விரும்புவோர் முதலில் உயிலை எழுதி வைக்கவும்." லண்டன் முழுக்கச் சிரித்தது. வானொலியில் நேயர்கள் அழைத்து அதைத் திருப்பிச் சொன்னார்கள். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் வாசிக்கப்பட்ட ஒரே வரி அதுதான். பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலாம் பாக விழாவுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அறிவிப்பாளர் சிறப்புப் பிரதிக்குப் பெயர் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. இன்னொரு பெயர். அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். நான் மேடையில் இருந்தேன், மதிப்பீட்டுரை என்னுடையது. குணநாயகம் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடு மேடையில் நின்றார். பிறகு மெல்லத் திரும்பி என் பக்கம் நீட்டினார். நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கத் தொடங்கினேன். மூடி இறுகியிருப்பதுபோல வெகுநேரம் திருகினேன். நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தவர்களுக்கு நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு கடைக்காரர்கள் அவருடைய புத்தகங்களை ஊதுபத்திப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார்கள். ஈரலில் புற்றுநோய் வந்து படுத்தார். பார்க்கப் போனேன். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தார். "அஞ்சாம் பாகம் என்னமாதிரி அண்ணை?" என்று கேட்டேன். விசாரிக்கும் குரலில்தான் கேட்டேன். உள்ளே குத்தல் இருந்தது.

"எழுதி முடிச்சிட்டன். இனிச் சனத்திட்டச் சேர்க்கிறதுதான் வேலை."

"ஆர் அண்ணை வாங்கப்போகினம்?"

"வாங்க மாட்டினம்" என்றார். "வேண்டாம் எண்டு சொல்ல ஏலாத மாதிரிக் குடுக்கோணும்." மருந்து மயக்கத்தில் பிதற்றுகிறார் என்று எண்ணினேன். வெளியே வந்து பஸ் ஏறும்போது அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் தேடினேன்.

அவர் செத்த முப்பத்தோராம் நாள் பிளேஸ்டோவில் ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. நம்முடைய வழக்கப்படி வாசலிலேயே நினைவு மலர் கொடுத்தார்கள். செத்தவரின் படம், தேவாரம், வாழ்க்கைச் சுருக்கம் எல்லாம் போட்டு அச்சடிப்பார்களே, அதுதான். அதை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு குப்பையில் போடவும் கை வராது. சாமித்தட்டுக்குக் கீழே வருடக்கணக்கில் கிடக்கும். வழக்கமாக மெல்லியதாக இருக்கும் அந்த மலர் அன்று கையில் கனத்தது. தேவாரம் முடிந்த அடுத்த பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: 'ஆறாம் இருக்கை: ஐந்தாம் பாகம்.'

அச்சடித்த ரவியைப் பார்த்தேன். "சொல்லக் கூடாதெண்டு குணநாயகம் அண்ணை என்னட்டச் சத்தியம் வாங்கினவர்" என்று நிலத்தைப் பார்த்தான்.

சோறு ஆறியது. அவ்வளவு பேரும் அவசரமாகப் பக்கம் புரட்டித் தங்கள் பெயரைத் தேடினார்கள். யாருடைய பெயரும் இல்லை. அந்தப் பாகம் முழுவதிலும் உண்மையான பெயர் ஒன்றே ஒன்றுதான். பரமேஸ்வரன். என் பெயர். என் வீட்டுப் பச்சைக் கதவு, என் பத்திரிகை, தண்ணீர்ப் போத்தலைத் திருகுகிற என் கை, எல்லாம் இருந்தன. ஆறாம் இருக்கை எழுத்தாளரைக் கொன்றவன் நான். ஏன் கொன்றாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். "அவரைச் சனம் வாசிச்சுது" என்கிறேன். கதை அதோடு முடிகிறது.

ஒவ்வொரு தலையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அப்போது அவருடைய மனைவி மலரக்கா, வெள்ளைச் சேலையோடு ஒலிவாங்கிக்கு வந்தா. "இவர் ஒரு பிரதி கையெழுத்து வைச்சுத் தந்தவர். ஒரு ஆளுக்கு மட்டும். பரமேஸ் தம்பி, வந்து வாங்குங்கோ." இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் எதுவும் இல்லை. அந்த மண்டபத்தின் நீளத்தை நடந்து போனேன். வாங்கினேன். யாரோ பழக்கதோஷத்தில் படமும் எடுத்தார்.

அவர் கையெழுத்து வைத்து என்னிடம் இருப்பது அந்த ஒரு பிரதிதான். எறியவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. முதல் பக்கத்தில் நடுங்கிய எழுத்தில் எழுதியிருக்கிறார்: "ஐசே, இனி வாசிப்பீர்தானே."

முதலாம் பாகத்திலிருந்து தொடங்கினேன். மூன்று கிழமை எடுத்தது. முதல் பாகம் மோசம், குணநாயகம் அண்ணை. விமர்சனத்தில் நான் எழுதியதைவிட மோசம். மூன்றாம் பாகத்தில் செல்லத்துரை சாகிற இடத்தில் அழுதேன். முடிவு வரைக்கும் வாசித்தேன். இந்த முறை பொய்யில்லை.