கொஞ்சம் கெடுத்துக் கொடுங்கள்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். லிஃப்டில் ஏறினால் மேலே போய்ச் சேரும்வரை வாய் திறக்க மாட்டார். பல் செட் செய்வது அவர் தொழில். மயிரிழை பிசகினாலும் யாரோ ஒருவருக்குச் சாப்பாடு இறங்காது என்று பயந்து, ராவிக்கொண்டே இருப்பார். அந்தப் பயம்தான் தொழிலில் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

அப்படிப்பட்ட மனிதர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்றால் யார் நம்புவார்கள்? அவருக்கு வேலை கொடுத்த பல் டாக்டர் வெளிநாடு போகும்போது தன் பழைய வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டார். தரையோடு தரையாகக் கிடக்கிற சிவப்பு வண்டி, இரண்டே சீட்டு. ஆபத்து வந்தால் சட்டென்று விலகிப் போகிற வண்டிதான் பாதுகாப்பு என்று எனக்கு விளக்கம் வேறு. மாமியார் வந்தால் உட்கார இடமில்லை என்பதால் நானும் பெரிதாகத் தடுக்கவில்லை. தினமும் அதில்தான் வேலைக்குப் போனார். அதையும் கட்டை வண்டி மாதிரி ஓட்டினார். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் ஏரியை ஒட்டி ஒரு வளைவு உண்டு. அங்கே அடிபட்டவர்கள் என் மேஜைக்குத்தான் வருவார்கள். 'வளைவு கேஸ்' என்றே எங்களுக்குள் பெயர். அங்கே தொடை எலும்பு எப்படி உடையும், விலா எங்கே குத்தும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு மழை நாளில் நாங்கள் இரண்டு பேரும் போகும்போது, மெதுவாகப் போயும், வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சுற்றுச் சுற்றி நின்றபோது என் ஜன்னலுக்கு நேரே தண்ணீர். அவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே சக்கரங்களை நேர் பார்த்துச் சரிசெய்கிற அலைன்மென்ட் கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லோரும் 'கோணல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி வந்தாலும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கோணலா இருக்கே என்பார். எங்கள் வண்டிக்கும் அதையேதான் சொன்னார். டயர் தேய்ந்ததைவிடக் காய்ந்து இறுகிப்போனதுதான் மோசம் என்றார். பின்சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றனவாம். கனமான பழைய வீல்களைக் கழற்றி, எடை குறைந்த புது வீல்களைப் போட்டார்கள். ஈரத்திலும் பிடித்து நிற்கிற டயர் வந்தது. கம்பெனி அளவைவிடச் சக்கரத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்தால் வளைவில் இன்னும் நன்றாக நிற்கும் என்று கோணல் சொல்ல, இவர் சரி என்றார்.

ஆள் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு இறங்குமோ, அவ்வளவு இறக்கி வைத்துத்தான் அந்தச் சாய்வை அளக்க வேண்டுமாம். சீட்டில் மணல் மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்றார் கோணல். எங்கள் ஆள் கேட்பாரா? தானே ஏறி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, மத்தியானம் முழுக்க ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் என்னையும் உட்கார வைத்தார். கல்யாணப் போட்டோவுக்குக்கூட நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்காரவில்லை.

வண்டி ஆளே மாறிப்போனது. ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே திரும்பியது. வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது. அவர் முகத்தில் நான் பார்த்தேயிராத ஒரு சிரிப்பு வந்தது. முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் முள் ஏற ஆரம்பித்தது. வளைவுக்குள் நுழையும்போது வேகம் காட்டுகிற அந்த முள், ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கம் போய்விட்டது. பல் செட் ஒன்று சரியாகக் கடிக்கவில்லை என்று திரும்பி வந்ததற்கு, போகப் போகப் பழகிடும் என்று சொல்லி அனுப்பினாராம். அது அவர் பேச்சே இல்லை.

போதாததற்கு, என்னை பஸ்ஸில் போக விடாமல் தினமும் தானே கொண்டுபோய் விடுவதாக அடம் பிடித்தார். மெதுவாகப் போகச் சொன்னால் சரி என்பார், கால் மட்டும் கேட்காது. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு எந்த எலும்போ என்று நினைத்துக்கொண்டே போவேன். என்னை இறக்கிவிட்டு அவர் கிளம்பிய பிறகாவது நிம்மதி உண்டா? ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டால் அதில் வந்தவரின் செருப்பைத்தான் முதலில் பார்ப்பேன். அவர் செருப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் கை வேலை செய்யும்.

ஒரு சனிக்கிழமை டயரில் காற்றுப் பார்க்கக் கோணலின் கடைக்குப் போயிருந்தோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து, நான் கோணலிடம் போய் நின்றேன்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க. வளைவுல அவருக்குப் பழையபடி பயம் வரணும்."

கோணல் சிரிப்பார் என்று நினைத்தேன். எப்போதும் சாய்ந்தே இருக்கிற தலை நேராக நிமிர்ந்தது.

"அண்ணி, போன மாசமே அண்ணன் தனியா வந்து இதையேதான் கேட்டாரு. தைரியம் அளவுக்கு மீறி வந்துடுச்சு, எனக்கே சரியாப் படலன்னாரு. காஞ்ச டயரைத் திரும்ப மாட்ட மாட்டேன்னுட்டேன். சாய்வை மட்டும் கம்பெனி அளவுக்குக் கொண்டு வந்துட்டேன். இப்ப வேகமாப் போனா வண்டி வளைவுல திரும்ப முரண்டு பிடிக்குமே. மெதுவாத்தானே போறாரு?"

நேற்றுதான் முள் இதுவரை போகாத இடத்துக்குப் போயிருந்தது. இத்தனை நாளும் காரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கார் பழையபடி ஆகிவிட்டது, மனுஷன்தான் ஆகவில்லை.

அவர் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். ஒளித்து மறைக்காமல் நேராகவே கேட்டேன். அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"மாத்தி வெச்சா பயம் வரும்னு பாத்தேன், வரல. நீ பக்கத்துல உக்காந்தா வரும்னுதான் தினம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"வந்துச்சா?"

"இல்ல."

என்னை வைத்தா சோதனை பண்ணினார் இந்த மனுஷன்? வந்த ஆத்திரத்தில் டீயை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். ஆனால் எதையோ தொலைத்துவிட்டு எங்கே தேடுவது என்று தெரியாத முகமாக இருந்தது அது. சாவிக்காகக் கையை நீட்டினேன்.

லைசென்ஸ் வாங்கிய புதிதில் என் அண்ணன் காரை நாலு தெரு ஓட்டியதோடு சரி. இந்த வண்டியில் எனக்குக் கிளட்ச் எங்கே, பிரேக் எங்கே என்பதே பிடிபடவில்லை. கடை வாசலிலேயே இரண்டு தடவை எஞ்சின் நின்றது. அவர் பக்கத்து சீட்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, மழைக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாப் போ என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அந்த வளைவு வந்தது. அவர் போகிற வேகத்தில் பாதிகூட நான் போகவில்லை. அப்படியும் சக்கரம் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஒரு கணம் மிதந்து, ஸ்டியரிங் என் கையில் கனமே இல்லாமல் போனது. பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். இல்லாத பிரேக்கை அவர் கால் தரையில் ஓங்கி மிதித்திருந்தது. ஒரு கை டாஷ்போர்டில், இன்னொரு கை என் தோளில்.

"மெதுவா. மெதுவாம்மா. ஓரமா நிறுத்திடேன்."

வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

"பயமா இருக்கா?"

"ஆமா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

மிச்ச தூரத்தையும் நானே ஓட்டினேன். அவர் வழி முழுக்க மெதுவா, மெதுவா என்று உயிரை வாங்கிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டிச் சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் படியேறிப் பாதியில் நின்றார். பிறகு இறங்கி, மழையில் நனைந்துகொண்டே போய், கார்க் கதவை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. அந்தப் பக்கக் கதவையும் இழுத்துப் பார்க்கப் போனார், நான் படியிலேயே நின்று காத்திருந்தேன்.