ஓட்டை ஜோசியர்

என் தங்கை புருஷன் பொய் சொல்லிவிட்டார் என்று ஆலையில் இன்றும் பேசுகிறார்கள். அவர் சொன்னது ‘தாங்கலாம்’. மேலாளர் எங்களிடம் சொன்னது ‘தாங்கும்’. தொட்டி மூடியைத் துடைப்பதுதான் என் வேலை. அங்கேயே நின்று இரண்டையும் என் காதால் கேட்டேன்.

எங்கள் ஆலையின் அமில வாயு வெளியே போகுமுன் தொட்டியில் உள்ள தூள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். வாயு ஓட்டைக்குள் குடியேறும்; குடியேறிய வீட்டின் சுவரையே தின்னும். எந்தத் தூளின் சுவர் தாங்கும் என்று, தூளைச் செய்து பார்க்காமலே மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வார். அதனால் ஓட்டை ஜோசியர் என்று பெயர்.

“ஜோசியரே, என் மண்டைக்கும் ஒரு பலன் சொல்லுங்க” என்பான் வெல்டர்.

“உள்ள ஒண்ணுமில்ல. வாயு நல்லா பிடிக்கும்.”

அன்று மேலாளர் கேட்டார்: “தாங்குமா, தாங்காதா? ஒத்த வார்த்தைல சொல்லுங்க.”

“காஞ்ச வாயுன்னா தாங்கலாம் சார். ஈரம் சேந்தா என் கணக்கு கை கொடுக்காது. சோதிச்சுப் பாக்கணும்.”

“அதுக்கெல்லாம் ஏதுய்யா நேரம்?” என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். “தாங்கும். தூளைக் கொட்டுங்க.”

மழை பிடித்தது. ஈரக் காற்று புகுந்து, தூள் குழைந்து சேறானது. வாயு அறைக்குள் திரும்பியதில் வெல்டர் செத்தான். பழியை ஜோசியர் தலையில் கட்டினார்கள். நான் வாய் திறந்தேன். “சொந்தக்காரனுக்கு வக்காலத்தா?” என்று மேலாளர் அடக்கிவிட்டார்.

மாப்பிள்ளை ஈரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட உட்கார்ந்தார். சோறு ஆறும், தங்கை கத்துவாள், அவர் எழுந்திருக்க மாட்டார். தூளுக்குத் தூள் தாங்காது என்றே வந்தது. தாங்கிய ஒன்றிரண்டோ வாயுவைப் பிடிக்காத வெறும் கல். தொட்டியில் கெட்ட தூளைத் தானே அள்ளிவந்து கணக்கோடு ஒப்பிட்டதில், அதில் தங்கிய வாயு ஏறி நெஞ்சும் கெட்டது. ஆலை அவரை வெளியே அனுப்பிவிட்டு, அதே தூளைப் புதிதாக நிரப்பியது.

கடைசியாகப் பார்த்தபோது படுக்கையில் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

“வானம் மூடிட்டு வருது மச்சான். நாளைக்கு ஷிஃப்டா?”

“பேசாம படுங்க மாப்ள. போகலேன்னா வீட்ல உலை எப்படிக் கொதிக்கும்?”

வேலையை விடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. என் நிலைமை அவருக்குத் தெரியும். என் கையைப் பிடித்தார்.

“தொட்டிகிட்ட நிக்காதீங்க மச்சான். கதவோரமா நில்லுங்க.”